பதினோராம் கட்டிலின் தாள்

இந்த ஊரில் தரை ஈரமாக இருந்தால் அதைச் சொல்வதற்கென்றே ஒரு பலகை இருக்கிறது. மஞ்சள் பிளாஸ்டிக் பலகை. இரண்டு கால்களை விரித்துக்கொண்டு கூடாரம் மாதிரி நிற்கும். ஓர் ஆள் வழுக்கி விழுகிற படம் இரண்டு பக்கமும் போட்டிருக்கும். மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில், ஆண்கள் வார்டின் தரையைத் துடைப்பது என் வேலை. பன்னிரண்டு வருஷமாக இந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டுதான் நடக்கிறேன். துடைக்கத் தொடங்கும் முன்பே அதை நிறுத்த வேண்டும். துடைத்து முடித்து, தரை காய்ந்து, குனிந்து விரலால் தொட்டுப் பார்த்த பிறகுதான் எடுக்க வேண்டும். ஆரணியில் எங்கள் வீட்டில் தண்ணீர் கொட்டினால், யாரும் பார்ப்பதற்குள் ஜல்தியாக ஒரு கோணியைப் போட்டு மூடிவிடுவோம். யார் கொட்டியது என்ற பேச்சே வராது. இங்கேயோ, ‘இந்த இடத்தை நான் ஈரமாக்கி வைத்திருக்கிறேன், பார்த்து நடங்கள்’ என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் பலகை வைத்துச் சொல்ல வேண்டும். வந்த புதிதில் எனக்கு அது கூச்சமாக இருந்தது. குற்றத்தைக் கழுத்தில் கட்டிக்கொண்டு நிற்பது போல இருந்தது.

வந்த முதல் மாதமே ஒரு நாள், தரை காய்வதற்குள் பலகையை எடுத்துச் சுவர் ஓரம் மறைவாகச் சாய்த்துவிட்டேன். தட்டு ஏந்திக்கொண்டு வந்த நர்ஸ் ஒருவர் வழுக்கி, முழங்கையை ஊன்றி விழுந்தார். எங்கள் சூப்பர்வைசர் எகிப்து நாட்டுக்காரர். அவர் ஒரு தாளைக் கொண்டு வந்து நீட்டி, ‘எழுது, கையெழுத்துப் போடு’ என்று சைகை காட்டினார். வேலை போயிற்று என்று நினைத்தேன். ஊருக்குத் திருப்பி அனுப்புகிற தாள் என்றே நினைத்து, அங்கேயே அவர் காலில் விழுந்துவிட்டேன். அந்த மனுஷன் பயந்து போய் இரண்டடி பின்னால் குதித்தார். “மாஃபி முஷ்கில், மாஃபி முஷ்கில்!” என்று கத்தினார். ஒன்றும் பிரச்சினை இல்லை என்று அர்த்தம். அந்த அளவு அரபிகூட அப்போது எனக்குத் தெரியாது. அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டேன். அடுத்த நாள் எதுவும் நடக்கவில்லை. அதற்கடுத்த நாளும் நடக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, பலகையை எப்போது எடுக்க வேண்டும் என்று எங்கள் எல்லோருக்கும் மறுபடி சொல்லிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். ஏதோ கடவுள் புண்ணியத்தில் தப்பித்தேன் என்று கோமதிக்கு, அதாவது என் மனைவிக்கு, கடிதம் எழுதினேன். அந்தத் தாள் என்ன சொல்ல வந்தது என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் என் மகள் இன்றைக்கு நர்ஸாக இருந்திருப்பாள்.

ஆரணி, களம்பூர், வந்தவாசிப் பக்கத்திலிருந்து நர்ஸிங் படிக்கப் போகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் அப்பன்மாரில் பலர் என்னைப் போல வெளிநாட்டில் இருப்பார்கள். அவர்களும் படிக்கட்டும். நான் எட்டாவது வரை படித்தவன். புத்தி சொல்கிற தகுதி எனக்கில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

வெளிநாடு வருவதற்கு முன் நான் பட்டுத் தறி நெய்தவன். எங்கள் வேலையில் தவறுக்கு இடம் உண்டு, தவறு கண்ணில் படுவதற்குத்தான் இடம் இல்லை. இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு, முடிச்சை அடிப்பக்கம் தள்ளுவோம். பூ ஒன்று கோணலாக விழுந்துவிட்டால் அந்த அளவு பிரித்துவிட்டு, பக்கத்துப் பூவைப் பார்த்து அதே மாதிரி மறுபடி நெய்வோம். பிரிக்க முடியாத இடம் என்றால் மடிக்கும்போது அது உள்ளே போகிற மாதிரி மடித்து முதலாளி கடைக்கு எடுத்துப் போவோம். முதலாளி விரித்துப் பார்த்துக் கேட்டால் ஒத்துக்கொள்வோம். கேட்காவிட்டால் நாங்களாக வாய் திறக்க மாட்டோம். இதை நாங்கள் பொய் என்று நினைத்ததே இல்லை. வேலை சுத்தம் என்றுதான் இதற்குப் பெயர்.

என் பெரிய மகள் சுகந்தி இந்தச் சுத்தத்தில் வளர்ந்தவள். அவளுக்குப் பத்து வயதிலேயே ஒரு கை வந்திருந்தது. பழைய புடவையின் முந்தானையைப் பக்கத்தில் விரித்துக்கொண்டு, கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக அந்த அன்னத்தையும் மாங்காயையும் எடுத்து வைப்பாள். ஒரு கட்டம் பிசகாது. எது அசல், எது நகல் என்று பார்க்க வருகிறவர்களை நான் பந்தயத்துக்குக் கூப்பிடுவேன். “பார்த்தா போதும், அச்சு மாதிரி எடுத்துடுவா எம்பொண்ணு” என்று சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன். யார் கையெழுத்தையும் அப்படியே போடுவாள். என் கையெழுத்தைப் போட்டுக் காட்டி, “பாங்குல போயி துட்டு எடுக்கட்டுமாப்பா?” என்று கிண்டல் பண்ணுவாள். எல்லோரும் சிரிப்போம். சிரித்த அந்த வாய்களில் என் வாய்தான் பெரியது.

அவள் நர்ஸிங் சேர்ந்தபோது நான் மஸ்கட்டில் இருந்தேன். சென்னைக்குப் போகிற வழியில் ஒரு நர்ஸிங் பள்ளி, பெயர் வேண்டாம். மூன்றரை வருஷப் படிப்பு. சேர்ந்த மாதமே பள்ளியிலிருந்து ஒரு விதிப் புத்தகம் வந்தது. அப்பாவோ காப்பாளரோ படித்துப் பார்த்துக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட வேண்டுமாம். கோமதி அதைத் தபாலில் எனக்கு அனுப்பினாள். எல்லாம் இங்கிலீஷ். நான் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். பெரிய படிப்பு, அதனால் பெரிய புத்தகம் என்று சந்தோஷப்பட்டேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். ஒரு வரி கூடப் படிக்கவில்லை. இங்கே எத்தனை பேர் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் இருந்தார்கள்! ஒருவரைக் கேட்டிருந்தால் டீக்கடையில் உட்கார்ந்து சொல்லியிருப்பார்.

விதிகளை சுகந்தி போனில் சொல்லித்தான் நான் அறிந்தேன். தலைமுடியை முடிச்சுப் போட்டு வலைக்குள் அடக்க வேண்டும். பூ கூடாது. தோடு கடுகளவு இருக்கலாம், மூக்குத்தி கூடாது. நகம் வளர்ந்திருக்கக் கூடாது. தினமும் காலையில் வரிசையாக நிற்கவைத்துக் கை நீட்டச் சொல்லி நகம் பார்ப்பார்கள். வெள்ளை ஷூவில் ஒரு பொட்டு அழுக்கு இருந்தாலும் வார்டுக்குள் விட மாட்டார்கள். சொந்தமாக செல்போன் கூடாது. வகுப்புக்கு ஓரளவு விடுப்பு உண்டு, ஆனால் வார்டில் நிற்க வேண்டிய மணிநேரத்தில் ஒரு மணி குறைந்தாலும் நின்று முடித்தால்தான் பரீட்சை. நோயாளியின் கதையை வெளியே பேசக் கூடாது. சீனியர் வந்தால் எழுந்து நிற்க வேண்டும். மூக்குத்தியைக் கழற்றியதற்குக் கோமதி இரண்டு நாள் சாப்பிடவில்லை. “பொம்பளப் புள்ளய மொட்டமூக்கா அனுப்பறாளுங்க, இன்னா பள்ளிக்கூடம் அது?” என்று என்னிடம் சண்டை பிடித்தாள். எனக்கோ ஒரே பெருமை. நகத்தையும் முடியையும் பார்க்கிற இடம் ஒழுக்கமான இடம் என்று நம்பினேன். ஒழுக்கம் என்பது மேலே தெரிகிற சுத்தம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், நெசவுக்காரன் அல்லவா.

இரண்டாம் வருஷம். ஒரு வெள்ளிக்கிழமை. எனக்கு இங்கே வெள்ளி விடுமுறை. விடுதியில் ஐந்து மணியிலிருந்து ஆறு மணி வரை வீட்டுக்காரர்கள் போன் செய்யலாம். இங்கே அப்போது மதியம் நான்கு மணி. வெயிலில் சுட்டுக்கொண்டிருந்த போன் கூண்டுக்குள் நின்று கூப்பிட்டேன். சுகந்தியின் குரல் வழக்கம் போல இல்லை.

“அப்பா, ஒரு தப்பு பண்ணிட்டேம்ப்பா.”

“இன்னாம்மா?”

“வார்டுல ஜுரம் பார்த்து எழுதணும். பன்னண்டாம் பெட்டுக்காரருக்கு நூத்தி மூணு இருந்திச்சி. அத கொண்டுபோயி பதினோராம் பெட்டுக்காரர் ஷீட்ல எழுதிட்டேன். கொஞ்ச நேரத்துலயே தெரிஞ்சிகினேன். திரும்ப வெச்சிப் பார்த்தேன், அவருக்கு ஜுரமே இல்ல. அந்த நம்பர் மேலயே மாத்தி மாத்தி எழுதி ஷீட்டு அசிங்கமாயிடிச்சிப்பா.”

“யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிடிச்சா?”

“இல்லப்பா. ஊசி கீசி எதுவும் போடல. பன்னண்டாம் பெட்டுக்காரர் ஷீட்டுல சரியா எழுதிட்டேன். ஆனா நாளைக்கி மேடம் ரவுண்ட்ஸ் வருவாங்க. இன்னிக்கே போயி சொல்லிடட்டா?”

பிள்ளைகளே, இந்தக் கேள்வியை அவள் என்னிடம் கேட்டாள். ‘சொல்லிடட்டா’ என்று கேட்டாள். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஆந்திராக்காரர் கண்ணாடியைத் தட்டி, “அன்னா, ஜல்தி!” என்றார். போன் கார்டில் நிமிஷம் தீருகிற சத்தமும் வந்துவிட்டது. அவசரமாக நான் சொன்ன வார்த்தைகள் இவை.

“நீயா போயி எதுக்கும்மா சொல்ற? அந்த ஷீட்டக் கிழிச்சிட்டு, புதுசா ஒண்ணு எடுத்து அப்பிடியே அச்சு மாதிரி எழுதி வெச்சிடு. உனக்குச் சொல்லியா தரணும்? கேட்டா ஒத்துக்கோ. கேக்காத வரைக்கும் பேசாத.”

“அப்பிடிலாம் செய்யக் கூடாதுன்னு சொல்லிகிறாங்கப்பா...”

“அசிங்கமா இருக்கறத வெச்சிகினு இருப்பாங்களா யாராச்சும்? நான் சொல்றேன்ல.”

அதற்குப் பிறகு அவள் ஏதோ சொல்லத் தொடங்கினாள். கார்டு தீர்ந்து போயிற்று. அவள் என்ன சொல்ல வந்தாள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

அப்பா சொன்னபடியே செய்தாள். மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் வார்டுக்குப் போய், பதினோராம் கட்டிலின் தாளை எடுத்துவிட்டு, புதுத் தாளில் எழுதினாள். அந்தத் தாளில் அவள் எழுதியது மட்டும் இல்லை. நான்கு நாளாக மற்ற நர்ஸுகள் எழுதியதும் இருந்தது. பக்கத்தில் அவர்களின் சின்னக் கையெழுத்துகள் இருந்தன, டாக்டரின் கையெழுத்தும் இருந்தது. எங்கள் வீட்டில் ஒரு பூவைப் பிரித்தால் பக்கத்துப் பூவோடு பொருந்துகிற மாதிரிதானே நெய்வோம். அவளும் அப்படித்தான் செய்தாள். புள்ளி பிசகாமல், டாக்டரின் கடைசிச் சுழி வரை எடுத்து வைத்தாள். அச்சு மாதிரி. யாரையும் ஏமாற்ற அவள் அதைச் செய்யவில்லை. பக்கம் முழுசாக இருக்க வேண்டும் என்று செய்தாள். ஆனால் அடுத்தவர் பெயரை அவர்கள் அறியாமல் போடுவதற்கு உலகத்தில் வேறு பெயர்.

கையெழுத்தை வைத்து யாரும் கண்டுபிடிக்கவில்லை. அது அவ்வளவு சரியாக இருந்ததாம். சுத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். ரவுண்ட்ஸ் வந்த ஆசிரியை தாளைக் கையில் எடுத்து, “நாலு நாளா இந்த வார்டுல கெடந்த பேப்பர்ல ஒரு கசங்கல், ஒரு டீக்கறை கூடவா இருக்காது?” என்று கேட்டார். அவ்வளவுதான். சுகந்தி ஏப்ரன் பாக்கெட்டிலிருந்து பழைய தாளை எடுத்து நீட்டிவிட்டாள். அதைத் தூக்கி எறிய அவளுக்கு மனம் வரவில்லை. கேட்டால் ஒத்துக்கொள் என்று நான் சொன்னதையும் அவள் மீறவில்லை.

விசாரணைக்குக் கோமதியும் அவள் அண்ணனும் போனார்கள். என் மச்சான் லாரி செட்டில் வேலை பார்ப்பவர், குரல் எடுத்துத்தான் பேசுவார். “பேஷன்ட் செத்தா பூட்டான், மேடம்? ஒரு பேப்பருக்கா இம்மாம் பேஜாரு?” என்று கேட்டிருக்கிறார். அந்தப் பிரின்சிபல் அம்மா குரலை உயர்த்தவில்லையாம். “செத்துப்போயிருந்தா அந்தப் பேப்பர் மட்டும்தாங்க அவருக்காகப் பேசும். அதுலயே பொய் இருந்தா யாரு பேசுவா?” என்று சொன்னாராம். மச்சான் இதை என்னிடம் கிண்டலாகத்தான் சொன்னார், பிரின்சிபல் மாதிரி பேசிக் காட்டினார். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

மறுநாள் நானே பிரின்சிபலுக்குப் போன் செய்தேன். வாங்கி வைத்திருந்த கார்டுகளையெல்லாம் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனேன். கெஞ்சினேன். அந்த அம்மா பொறுமையாகத்தான் பேசினார்.

“சார், டெம்பரேச்சர் மாத்தி எழுதினதுக்கு நாங்க யாரையும் அனுப்ப மாட்டோம். படிக்கிற புள்ளைங்க, தப்பு வரும். ஒரு கோடு போட்டு, கையெழுத்து போட்டு, எங்ககிட்ட சொல்லியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். இது நீங்க கையெழுத்து போட்ட புக்லயே இருக்கு. உங்க பொண்ணு நல்ல பொண்ணு சார். அவளுக்கு இது தெரியும், முதல் வருஷமே பரீட்சையில எழுதியிருக்கா. தெரிஞ்சும் ஏன் செஞ்சான்னுதான் கமிட்டியில கேட்டோம். வாயே தொறக்கல. யாராவது சொல்லிக் குடுத்தாங்களான்னு கேட்டேன், இல்லன்னுட்டா. நீங்க சொல்லுங்க, அன்னிக்கு வீட்ல யார்கிட்டயாவது பேசினாளா?”

அந்தக் கேள்வி என்னை நோக்கித்தான் வந்தது. முதலாளி புடவையை விரித்துவிட்டார், விரலை அந்த இடத்தில் வைத்துவிட்டார். கேட்டால் ஒத்துக்கொள்வோம் என்று மேலே எழுதினேனே, அதைக்கூட நான் செய்யவில்லை. பெற்ற அப்பனே சொல்லிக்கொடுத்தான் என்றால் குடும்பத்தையே கேவலமாக நினைப்பார்களே என்ற எண்ணம் ஒரு பக்கம். நான் சொன்னதைச் சொன்னால் அவள் பேரில் இன்னும் கோபம் ஏறும் என்ற பயம் ஒரு பக்கம்.

“இல்லிங்க மேடம். யாருகிட்டயும் பேசல,” என்றேன்.

“சரி சார்,” என்று வைத்துவிட்டார். அடுத்த வாரம் சுகந்தியின் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். டிரங்குப் பெட்டியோடு களம்பூர் ஸ்டேஷனில் இறங்கி, ஆரணி பஸ் ஏறித் தனியாகவே வீட்டுக்கு வந்தாளாம். அவள் வெள்ளை ஷூவை அடுப்படிச் சாம்பல் பெட்டிக்குப் பக்கத்தில் கழற்றி வைத்ததாகவும், அது அங்கேயே கிடப்பதாகவும் சின்ன மகள் பவானி எழுதினாள்.

அந்த ஒற்றைக் கோட்டை நான் கண்ணால் பார்த்தது நான்கைந்து மாதம் கழித்து. எங்கள் வார்டில் லில்லி சிஸ்டர் என்று ஒரு மலையாள நர்ஸ். ஒரு மதியம் மேஜைக்குக் கீழே துடைத்துக்கொண்டிருந்தேன். எழுதிக்கொண்டிருந்த அவர் ‘அய்யோ’ என்று நாக்கைக் கடித்தார். எழுதியதன் மேல் ஸ்கேல் வைத்த மாதிரி ஒரே ஒரு கோடு போட்டார். பக்கத்தில் ஒரு சின்னக் கையெழுத்து, நேரம். பிறகு சரியானதை எழுதினார். நான் துடைப்பானைப் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

“இன்னா சிஸ்டர் அது?”

“தெற்றிப்போச்சு சேட்டா. வேற ஆளோட பி.பி.”

“அதான் அடிச்சிட்டீங்களே. இன்னும் நல்லா அடிச்சா அடியில இருக்கறது தெரியாது இல்ல?”

“தெரியணும் சேட்டா! என்ன தப்புன்னு தெரிஞ்சாத்தானே எல்லாரும் நம்பும்.”

“பார்த்தா உங்களத் திட்ட மாட்டாங்களா?”

“திட்டும். பின்னே சோறு திங்கப் போவும்,” என்று சொல்லிச் சிரித்தார்.

குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இத்தனை வருஷத்தில் அந்த வார்டில் நான் எத்தனை ஆயிரம் தாள்களைக் கடந்து போயிருப்பேன்! ஒவ்வொன்றிலும் அந்தக் கோடு இருந்திருக்கும். தரையை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறேன். காலில் விழுந்து நான் கையெழுத்துப் போட்டேனே, அந்த முதல் மாதத்துத் தாள், அதுவும் இந்தக் கோடுதான். எனக்குக் கிடைத்த மன்னிப்பு என் மகளுக்கும் கிடைத்திருக்கும். குறுக்கே நான் நின்றுவிட்டேன்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அதே வருஷம் எங்கள் வார்டில் ஓமானிப் பெரியவர் ஒருவர் பல வாரம் படுத்திருந்தார். கண் மங்கியவர், பேச்சுத்துணை தேடுகிறவர். எத்தனை பிள்ளைகள் என்று என்னைக் கேட்டார். இரண்டு பெண்கள் என்றேன். மூத்தவள் பெயர் சுகந்தி என்றேன். அவள் என்ன செய்கிறாள் என்று கேட்டார். வார்டில் கேட்ட ஒரு அரபு வார்த்தை நாக்கில் வந்தது. “முமர்ரிதா” என்று சொல்லிவிட்டேன். நர்ஸ் என்று அர்த்தம். இந்த நாட்டில் ஒரு மனிதனை மதித்துக் கூப்பிடுவதென்றால் அவன் மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லி, இன்னாரின் அப்பா என்று கூப்பிடுவார்கள். அன்றிலிருந்து பெரியவர் என்னை “அபூ சுகந்தி” என்று கூப்பிட ஆரம்பித்தார். பார்க்க வருகிற பிள்ளைகள், பேரன்கள், எல்லோரிடமும் என் கையைப் பிடித்து, இவன் மகள் நர்ஸ், மாஷா அல்லா, என்று சொல்வார். நான் மறுத்துச் சொல்ல வாய் திறந்தால் அடக்கமாக இருக்கிறேன் என்று நினைத்து முதுகில் தட்டுவார். அவர் நன்றாகி வீட்டுக்குப் போய்விட்டார். பெயர் மட்டும் வார்டில் தங்கிவிட்டது. சூப்பர்வைசரும் அப்படித்தான் கூப்பிடுகிறார். அபூ சுகந்தி, இங்கே ஈரம். அபூ சுகந்தி, பலகை எங்கே. ஊரில் யாரும் எடுத்துச் சொல்லாத என் குற்றத்தை இங்கே ஒன்றும் அறியாத ஜனங்கள் நாள் முழுக்க என் பெயராக வைத்துக் கூப்பிடுகிறார்கள்.

விடுப்பு கிடைத்து ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தப் பள்ளிக்குப் போனேன். கோமதியிடம்கூடச் சொல்லவில்லை. பிரின்சிபல் அம்மாவின் எதிரில் நின்றுகொண்டே சொன்னேன். “நான்தாங்க மேடம் கிழிக்கச் சொன்னேன். போன்ல உங்ககிட்ட பொய் சொன்னேன்.”

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். “அன்னிக்கே இத சொல்லியிருந்தா, சார்... கமிட்டியில ரெண்டு பேரு அவளுக்காகப் பேசினாங்க. சஸ்பெண்ட் பண்ணிட்டு ஜூனியர் பேட்ச்ல சேர்த்துக்கலாம்னாங்க. அவ பக்கம் சொல்றதுக்கு ஒரு காரணம் வேணும்னு தேடினோம். எங்க கையில ஒண்ணுமே இல்ல. இப்ப கவுன்சிலுக்கெல்லாம் எழுதியாச்சு. அவ பேட்ச் கடைசி வருஷம் வந்தாச்சு.” வாசல் வரை கூடவே வந்தார். வெளியே முதலாம் வருஷப் பிள்ளைகள் வரிசையாக நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆசிரியை ஒவ்வொருத்தியின் நகமாகப் பார்த்துக்கொண்டு போனார். நானும் என் கையைப் பார்த்துக்கொண்டேன். சுத்தமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து சுகந்தியிடம் சொன்னேன். அவள் இப்போது புடவை டிசைன் போடுகிற கடையில் வேலை செய்கிறாள். கட்டம் போட்ட தாள் போய் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அச்சு மாதிரி எடுக்கிற அவள் கைக்கு அங்கே நல்ல மதிப்பு. முதலாளிகள் அவளைத் தேடி வருகிறார்கள். அவள் அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

“ஏம்ப்பா போன நீ?” என்றாள்.

“நான்தானம்மா சொன்னேன். எம்மேல பழி வரட்டும்னுதான்...”

“நீ சொன்ன. எழுதினது யாரு கை? வேணாம்னு எனக்குத் தெரியும் இல்ல? உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அப்ப யாரு தப்புப்பா பெரிசு?” கோபமாகக்கூட அவள் சொல்லவில்லை. விதிப் புத்தகத்தை வாசிப்பது போலச் சொன்னாள். இவ்வளவு நேர்மையான ஒரு நர்ஸை நான் எந்த வார்டிலும் பார்த்ததில்லை. மறுபடி வேறு இடத்தில் சேரலாமே என்று கேட்டேன். எங்கே போனாலும் பழைய பள்ளியின் கடிதம் கேட்பார்கள் என்றாள். அதில் என்ன எழுதியிருக்கும் என்று இருவருக்கும் தெரியும்.

இதை எழுதும்போது நான் பல இடத்தில் தப்பாக எழுதினேன். எதையும் கிழிக்கவில்லை. ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அச்சில் வரும்போது அதையெல்லாம் எடுத்துவிட்டுச் சுத்தமாகத்தான் போடுவார்கள். உங்கள் கண்ணுக்கு ஒரு கோடும் தெரியாது. ஆகவே வாயால் சொல்லிவைக்கிறேன். பிள்ளைகளே, பயத்தில் நீங்கள் போன் செய்யும்போது, வெகுதூரத்தில் இருக்கிற அப்பன் அன்பினால் எதையாவது சொல்வான். அவனுக்கு அந்த வார்டு தெரியாது.

விடுப்பு முடிந்து கிளம்புகிற காலை. பெட்டியை வாசலில் இறக்கி வைத்துவிட்டு ஆட்டோவுக்காக நின்றேன். பவானி முந்தின நாள் இருமல் மருந்தைக் கொட்டியிருந்தாள், தரை பிசுபிசுவென்று இருந்தது. சுகந்தி வாளியும் துணியும் எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

“ஊருக்குப் போற மனுஷன் வாசல்ல நின்னுகினு இருக்கறப்ப வீட்டத் துடைப்பாங்களாடி?” என்று கோமதி கத்தினாள். சுகந்தி நிறுத்தவில்லை. உள் சுவரிலிருந்து தொடங்கி, துடைத்த இடத்தை மிதிக்காமல் பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து, வாசல்படி வரை வந்தாள். நாங்கள் வார்டில் துடைப்பது போலவே. யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. முடித்ததும், பவானி உட்கார்ந்து படிக்கிற முக்காலியை எடுத்து ஈரத்தின் நடுவில் நிறுத்திவிட்டு எட்டி வெளியே வந்தாள்.

“அது எதுக்கு நடுவுல?” என்றாள் கோமதி.

“ஈரம்மா. தெரியாம வந்து விழுந்துடுவாங்க.”

ஆட்டோ தெருமுனையில் திரும்பியது. அப்போதுதான் பாஸ்போர்ட் வைத்த கைப்பை சாமி மாடத்திலேயே இருப்பது ஞாபகம் வந்தது. ஒரு காலை உள்ளே தூக்கி வைக்கப் போனேன். “அங்கயே நில்லுப்பா. காயட்டும்,” என்றாள். நின்றேன். அந்தக் கரையில், ஒரு நர்ஸின் அப்பாவாக என்னை வரவேற்க ஒரு வார்டே காத்திருந்தது, எங்கே அபூ சுகந்தி என்று இந்நேரம் யாராவது கேட்டிருப்பார்கள். இந்தக் கரையில், சுகந்தி துடைப்புத் துணியைப் பிழிந்துகொண்டு நின்றாள். முக்காலி ஈரத் தரையில் தலைகீழாகத் தெரிந்தது. ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். மகள் துடைத்த தரை காய்வதற்காக, படியில் குனிந்து விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி, உள்ளேயும் போக முடியாமல் கிளம்பவும் முடியாமல் நின்றுகொண்டிருந்தேன்.